பன்னிரண்டாவது ஹெல்மெட்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முப்பத்தொரு வருடம் வாகன விபத்துகளுக்கு நஷ்ட மதிப்பீடு செய்த சர்வேயர் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நசுங்கிய பம்பரையும் முறிந்த ஆக்சிலையும் பார்த்த மாத்திரத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு மொபெட்டைக்கூட இருபதடி தூரம் ஓட்டியதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கே போவதானாலும் டவுன் பஸ்தான். இடது பக்கம் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அப்படி ஒரு நாள் பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோதுதான் கலீலைப் பார்த்தேன். சரியாகச் சொல்வதானால், கலீலைப் பார்க்கவில்லை, அவன் தலையில் இருந்ததைப் பார்த்தேன். போன வருடம் ஆடி மாதம் அது. என் ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய மொபெட். அதன் இரண்டு பக்கமும் பிரஷர் குக்கர்கள் தொங்கின. ஓட்டியவன் தலையில், வெள்ளை வெளேரென்று, ரஷ்யாவில் செய்து மிக் விமானங்களோடு அந்தக் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த விமானி ஹெல்மெட். நெற்றிக்கு மேல் கறுப்புக் கண்ணாடி ஏறி இறங்கும் தடம்கூட அப்படியே இருந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம், பாக்கியநாதன் சார். போலீஸ்காரர்களுக்கு ஹெல்மெட் என்றால் போட்டிருக்கிறானா இல்லையா, அவ்வளவுதான். நான் போர் விமானிகளின் பழைய ஹெல்மெட்டுகளைச் சேகரிக்கிறவன். நேற்று என் அலமாரியைப் பார்த்தீர்கள். பெங்களூர் ஞாயிற்றுச் சந்தையிலும், ஜோத்பூரில் ஒரு பழைய இரும்புக் கடையிலும், ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியவை. முழுமையானவை பதினொன்று. பன்னிரண்டாவது இடத்தில் ஒரு மரத்தலை மேல் தோல் தொப்பி மட்டும் இருந்தது. அந்த ரஷ்ய வகைக்கு இரண்டு பாகங்கள். உள்ளே தோல் தொப்பி, அதற்கு மேல் கெட்டியான வெளி ஓடு. தொப்பி என்னிடம் இருந்தது. ஓடு ஒன்பது வருடமாகக் கிடைக்கவில்லை. நான்கு முறை கிடைக்கப்போவதாக இருந்து, நான்கு முறையும் போலி என்று தெரிந்தது. கொதிக்கும் வெயிலில் பாலத்தின் மேல் அது என் கைக்கு மூன்றடி கீழே நின்றது. நெரிசல் விலகியதும் குக்கர்கள் கடகடவென்று ஆட, போய்விட்டது.

அவனைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பாத்திரக் கடைகளில் விசாரித்து, பாலக்கரையில் ஒரு சந்துக்குள் அவன் கடையைப் பிடித்தேன். குக்கர், மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை. வெறுங்கையோடு போய் நின்றால் நன்றாக இருக்காது என்று எங்கள் வீட்டுக் குக்கரின் கைப்பிடியை நானே சுத்தியலால் உடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயதிருக்கும். எதற்கும் சிரிக்கிற முகம். ஹெல்மெட் எங்கே என்று பார்த்தேன். மேசை மேல் கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி தலைகீழாகக் கிடந்தது. அதற்குள் ரப்பர் வளையங்களும் மரைகளும் குவித்து வைத்திருந்தான். என் குக்கருக்கு ஒரு திருகாணி தேடி, அதற்குள் கையை விட்டுத் துழாவினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன் தந்தை அப்துல் ஹலீம் வடக்கே ஒரு விமானப்படைத் தளத்தில், விமானிகளுக்குப் பாராசூட்டும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவராம். ஒரு நாள் தீப்பிடித்த விமானத்திலிருந்து குதித்து உயிரோடு திரும்பி வந்த ஒரு விமானி, நீர்தானே வாரை இழுத்துக் கட்டிவிட்டீர் என்று சொல்லி இந்த வெளி ஓட்டை ஹலீமிடமே கொடுத்துவிட்டாராம். ஹலீம் ஊர் திரும்பி, மகன் மொபெட் வாங்கிய அன்று அதை அவன் தலையில் வைத்தார். உள்ளே மெத்தைக்குப் பதில் ஸ்பாஞ்சு ஒட்டியதும் அவர்தான். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார்.

விலைக்குக் கேட்டேன். அவன் சிரித்தான். "இது விக்கிற பொருள் இல்ல சார். ஒரு உசிரத் திருப்பிக் கொண்டாந்த சாமான்னு அத்தா சொல்லிட்டுப் போனாங்க. இத மாட்டிக்காம நான் தெருமுனைக்குக்கூட வண்டி எடுக்கறதில்ல" என்றான்.

விலை குறைவு என்றால் கூட்டலாம். நம்பவில்லை என்றால் ஆதாரம் காட்டலாம். அத்தா சொன்னாங்க என்பவனிடம் எந்தப் பக்கமிருந்து பேசுவது?

நான் பொறுமைசாலி. அதற்குப் பிறகு ஏழு மாதத்தில் எட்டு முறை அந்தக் கடைக்குப் போனேன். மிக்சியின் பிளேடு, கிரைண்டரின் பெல்ட், இன்னொரு குக்கர். "நம்ம வீட்டுல மட்டும் எல்லாம் ஒண்ணுசேர்ந்து கெட்டுப்போகுதே" என்று என் மனைவி யமுனா ஆச்சரியப்பட்டாள். ஒவ்வொரு முறையும் பேச்சை ஹெல்மெட் பக்கம் திருப்பினேன். ஐம்பது வருடத்துப் பொருள், வெயிலில் ஓடு உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும், தலைக்கு ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். அது உண்மையும்கூட. அவன் நான் சொல்வதையெல்லாம் மரியாதையாகக் கேட்பான். டீ வரவழைத்துக் கொடுப்பான். நான் கிளம்பும்போது எழுந்து நின்று வழியனுப்புவான். ஹெல்மெட் மட்டும் மேசையிலேயே கிடக்கும்.

கடையில் இருப்பதிலேயே நல்லதாக ஒரு புது ஹெல்மெட் வாங்கிப் போய், இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். புதியதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "ஆரிஃபாவுக்கு ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன் சார். தெரிஞ்ச மாதிரி கொண்டாந்துட்டீங்க" என்றான். ஆரிஃபா அவன் மனைவி. மறுநாளே அவள் அதைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவதை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். முன்னால் அவன், தலையில் என் ஹெல்மெட். என் ஹெல்மெட் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அப்போது அது அவனுடையது.

போக்குவரத்து போலீசுக்குப் போன் செய்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டோடு ஒருவன் தினமும் பாலத்தில் போகிறான் என்று புகார் சொன்னதும் நான்தான். பிடித்தார்கள், அபராதமும் போட்டார்கள். அபராதம் போட்ட எஸ்.ஐ. பிறகு ஹெல்மெட்டின் கதையைக் கேட்டுவிட்டு, அதைத் தன் தலையில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டாராம். கலீல் இதை என்னிடமே சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் சிரிக்கவில்லை. அந்த எஸ்.ஐ.யின் தலையில் எண்ணெய் இருந்ததா என்றுதான் யோசித்தேன்.

தை மாதத்தில் அதன் பின்புறத்தில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் முளைத்தது. மகள் அல்ஷிஃபா ஒட்டியதாம். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. ஸ்டிக்கர் பசை பழைய பூச்சை எப்படித் தின்னும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். "பிள்ளை ஒட்டினது, உரிச்சா அழுவா சார்" என்றான். அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதனிடம் எத்தனை முறைதான் சொல்வது? கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். அவன் நல்லவன். என்னிடம் பழுது பார்த்த கூலிகூட வாங்க மறுப்பான். நல்லவனாக இருந்துகொண்டே ஒரு பொருளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தான்.

பங்குனியில், ஒரு வியாழக்கிழமை, அந்தச் சேதியைச் சொன்னான். வெயில் கண்ணைக் கூசுகிறதாம். விமானியின் கறுப்புக் கண்ணாடி என்றைக்கோ உடைந்துவிட்டதால் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி பொருத்தப் போகிறானாம். சிநேகிதன் பரக்கத் அலியின் பட்டறையில் திங்கட்கிழமை காலை இரண்டு பக்கமும் டிரில் போட்டு போல்ட் மாட்டுவதாக ஏற்பாடு. "எட்டு எம்எம் ஓட்டை போதும்னு சொல்லிட்டான் சார்" என்றான்.

கீறலைச் சரி செய்யலாம். பசையை எண்ணெய் தடவி எடுக்கலாம். ஓட்டை போட்டால் போட்டதுதான். வேண்டாம் என்று சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கலீல் என் தோளைத் தொட்டு, டென்ஷன் ஆகாதீங்க சார், போட்டோ வேணும்னா அதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்கங்க என்றான். அவனாகச் சொன்னதுதான். சனிக்கிழமை ஸ்ரீரங்கம் வழியாகச் சமயபுரம் போகிறேன், அங்கே ஒரு லாட்ஜுக்கு கிரைண்டர் கொடுக்க வேண்டும், போகிற வழியில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றான்.

நான் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். வழக்கமான ஜன்னலோர இருக்கை. கீழே ஆறு வற்றிப்போய் மணலாகக் கிடந்தது. ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதற்கும் உதவாது, உள்ளே நொறுங்கியிருக்கும். ஆகவே எது நடந்தாலும் அந்த நேரத்தில் ஹெல்மெட் அவன் தலையில் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தான். அல்ஷிஃபாவும் வந்திருந்தாள். ஆரிஃபா தையல் வேலைக்குப் போய்விட்டதால் கூட்டி வந்தானாம். இரண்டாவது மாடிக்கு ஏறி வந்து, காலணியை வாசலில் விட்டு, ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தான். அதன் எடையை அப்போதுதான் முதல் முறையாக உணர்ந்தேன். யமுனா அவர்களுக்குக் காபியும் முறுக்கும் கொண்டுவந்தாள். போட்டோவுக்கு வெளிச்சம் சரியாக வர ஒரு மணி நேரமாவது ஆகும், நீங்கள் சமயபுரம் போய்த் திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். தயங்கினான். தலையைத் தடவிக்கொண்டான். ஒரு மணி நேரம்தானே என்று அவனே சொல்லிக்கொண்டான்.

குழந்தையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னது நான். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய வண்டியில் குழந்தை எதற்கு என்று நான்தான் சொன்னேன். அவன் நன்றி சொன்னான்.

அவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கேமராவுக்கு பேட்டரி வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினேன். மொபெட் எங்கள் ஃப்ளாட்டின் வண்டி நிறுத்தத்தில் தூண் மறைவில் நின்றது. முன் பிரேக் எப்போதும் சரியாகப் பிடிக்காது என்று அவன் மாசியிலேயே சொல்லியிருந்தான். பின் பிரேக்கின் மரையைத் தளர்த்தினேன். முதல் இரண்டு மூன்று முறை பிடிக்கும், பாரத்தோடு ஒரு சரிவில் அழுத்தினால் விட்டுவிடும். இப்படிப்பட்ட வண்டிகளைப் பற்றி எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு மேலே போனேன்.

அவன் கிளம்பும்போது யமுனா வாசல்வரை வந்தாள். "ஹெல்மெட் இல்லாம போறாரே. நம்ம கிட்டதான் அத்தனை இருக்கே, ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்" என்றாள்.

"அதெல்லாம் பழசு. தலைக்கு ஆகாது" என்றேன்.

கலீல் அதற்கும் சிரித்தான். போயிட்டு வரேன் சார் என்று படி இறங்கினான்.

கொள்ளிடம் பாலம் இறங்கி, நம்பர் ஒன் டோல்கேட் சந்திப்பில் லாரிக்கு முன்னால் நிறுத்த முடியாமல் போயிருக்கிறது. பதினொன்று பத்துக்கு என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் அல்ஷிஃபாவுக்கு அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் பேர் கேட்டாள், சொன்னேன். பிறகு வெதுவெதுப்பான எண்ணெய் தொட்டுப் பட்டாம்பூச்சியை மெதுவாக உரித்தேன். அது என்னுது தாத்தா என்று அழத் தொடங்கினாள். கிழியாமல் எடுத்து, பசை தடவி, அவள் தண்ணீர் பாட்டிலிலேயே ஒட்டிக் கொடுத்தேன். அத்தா எப்ப வரும் என்று இரண்டு முறை கேட்டாள். வந்துடுவாரு என்றேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, தோல் தொப்பியின் மேல் வெளி ஓட்டைப் பொருத்தியபோது க்ளிக் என்று உட்கார்ந்தது. ஒன்பது வருடம். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

போன் ஒரு மணிக்கு வந்தது. குழந்தையை ஆட்டோவில் பாலக்கரைக்குக் கூட்டிப் போனது யமுனா. நான் மறுநாள் போனேன். ஆரிஃபாவுக்கு விபத்து மனு எழுதிக் கொடுத்தேன். சரியாகப் பராமரிக்காத பிரேக் என்று காரணம் எழுதினேன். அந்தப் பெண் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

யமுனா ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். இப்போது அதைப் பார்த்தால் ஆரிஃபா உடைந்துவிடுவாள், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். யமுனா ஒத்துக்கொண்டாள். எல்லாம் அதோடு அடங்கியிருக்கும். பதினெட்டாம் நாள் ஆரிஃபா குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அல்ஷிஃபாவின் தண்ணீர் பாட்டிலை என் முன்னால் நீட்டினாள்.

"இது அவங்க ஹெல்மெட்ல இருந்தது சார். தாத்தா உரிச்சுக் குடுத்தாங்கன்னு பிள்ளை சொல்லுது. அப்ப ஹெல்மெட் இங்கதான் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பிறகு அது மறுபடியும் ஏதாவது மேசை மேல் தலைகீழாகக் கிடக்கும். ஸ்டிக்கரை எடுத்தது உண்மைதான், ஆனால் கலீல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார், விபத்து நடந்த இடத்தில் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்றேன்.

"தலையில ஒண்ணும் இல்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க சார். நானும் இத்தனை நாளா அதையேதான் கேட்டுட்டு இருக்கேன், அவங்க எப்படி அப்படிப் போனாங்கன்னு." அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"தாத்தா ரூம்ல இருக்கும்மா" என்றாள் குழந்தை.

குழந்தைக்கு எல்லா ஹெல்மெட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று சொன்னேன். ஆரிஃபா பாட்டிலைக் குழந்தையிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். யமுனா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தட்டை மேசை மேல் வைத்தாள். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் கோபம் எனக்குத் தெரியும்.

நீங்கள் நேற்று வந்து வெளி ஓட்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். தோல் தொப்பியை விட்டுவிட்டீர்கள். இன்று என்னை வரச் சொல்லி, இந்தத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டீர்கள். படித்தேன். இறந்துபோனவரின் உடைமையான ஹெல்மெட் ஒன்றைத் திருடி வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பிரேக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜாமீனில் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனாலும் உங்களை உட்காரச் சொல்லி, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முப்பத்தொரு வருடம் அறிக்கை எழுதியவன் நான். ஒரு சொல் தவறாக இருந்தால் முழு அறிக்கையும் தவறு. அவன் ஹெல்மெட்டைத் தன் கையால், என் வீட்டில், என் மனைவி பார்க்க என்னிடம் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் நான் கீழே இறங்கினேன். இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். மரையைத் தளர்த்தியது நான், கலீலைக் கொன்றது நான். அப்படியே எழுதுங்கள், எத்தனை பக்கமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். திருட்டு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். பிறத்தியார் பொருளுக்கு நான் ஒரு நாளும் ஆசைப்பட்டவன் இல்லை.